தையலுக்கு விட்டது

டெய்லரம்மா தைத்த சட்டை இறுக்கமாக இருக்கிறது என்று யாரும் சண்டைக்கு வந்ததில்லை. வந்தாலும் அவளுக்கு ஒன்றும் ஆகாது. உள்பக்கத் தையலை ஒட்டி இரண்டு விரல் அகலத்துக்குத் துணி மடங்கி உட்கார்ந்திருக்கும். பிரித்து விட்டால் சட்டை பெருத்துவிடும். அவள் தைப்பதெல்லாம் பள்ளிச் சீருடை. லீவு முடிந்து வருகிற பிள்ளைகள் லீவுக்குப் போன பிள்ளைகளாகவா வருகிறார்கள்? அதனால் கத்தரியைக் கையில் எடுத்தாலே அவளுக்குத் தையலுக்கு விட வேண்டும், தாராளமாக விட வேண்டும். யோசிக்கவே வேண்டாம், கை தன்னால் விட்டுவிடும்.

அந்தக் கையை வைத்துக்கொண்டுதான் அவள் கட்டிய புருஷனின் வயிற்றைக் கிட்டத்தட்ட வேக வைத்தாள். சொல்ல வந்தது அதைத்தான்.

புருஷனை ஊரே மாஸ்டர் என்று கூப்பிடும். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. புதிதாக ஓட்ட வந்தவன் எதிரே வருகிற லாரிக்கு நேராகக் காரை விட்டாலும், "கொஞ்சம் இடது பக்கம் போனா நல்லாருக்கும்" என்பார். அப்படியே தன் காலடியில் இருக்கும் இன்னொரு பிரேக்கை மிதித்துக்கொள்வார். பெருங்குடலில் வலது பக்கம் கட்டி, அது புற்றுநோய்தான் என்று சொன்னபோதும், "சரி, எந்தப் பக்கம்னாவது தெளிவா சொன்னாங்களே" என்றுதான் சொன்னார். டெய்லரம்மாதான் ஆஸ்பத்திரி வராந்தாவில் அழுதாள்.

டாக்டர் அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சக் குடலைச் சிறுகுடலோடு சேர்த்துத் தைத்தார். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று எல்லோரும் மூச்சு விட்ட பிறகு மாஸ்டருக்குக் காய்ச்சல் வந்தது. உள்ளே தைத்த இடம் ஓரமாக விட்டுக்கொடுத்துவிட்டது. அதன் வழியாகக் கசிந்த குடல் நீர் ஒரு பாதை தேடிக்கொண்டு, தொப்புளுக்கு வலது பக்கத்தில் தோலில் ஓட்டை போட்டு எட்டிப் பார்த்தது. குடலில் இருக்க வேண்டியது வயிற்றின் மேல் வழிந்தது.

"தையல் விட்டுப்போச்சா?" என்றாள் டெய்லரம்மா.

"ஆமாம்மா. சில பேருக்கு அப்படி ஆயிடறது உண்டு" என்றார் டாக்டர்.

"ஒத்தத் தையல் போட்டீங்களா, ரெட்டைத் தையலா?"

மாஸ்டர் கட்டிலில் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"ரெட்டைதாம்மா."

"நூலு?"

"நல்ல நூலுதான்."

"எங்க கடையில தையல் விட்டா அன்னிக்கே வாங்கித் தைச்சுக் குடுத்துடுவோம் டாக்டர். யாரையும் காக்க வைக்கிற பழக்கம் எங்களுக்கு இல்ல."

டாக்டர் பொறுமைசாலி. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "இது ஈரத் துணிம்மா. இப்ப ஊசி குத்தினா குத்தின இடமெல்லாம் கிழியும். விட்டுத்தான் பிடிக்கணும். நல்லா சாப்பிடணும், உடம்பு தேறணும், ஓட்டையச் சுத்தி இருக்கற தோல் கெடாம இருக்கணும். அப்படி இருந்தா இது தானா மூடிக்க நிறைய வாய்ப்பு இருக்கு. மூடலைன்னா திரும்ப வயித்தத் திறக்கணும். இன்னொண்ணு. கட்டியோட சேர்த்து எடுத்ததுல நோய் கொஞ்சம் பரவ ஆரம்பிச்சிருந்தது தெரியுது. அதுக்கு மருந்து ஏத்தியே ஆகணும். இந்த ஓட்டை இருக்கற வரைக்கும் ஏத்த முடியாது. ரொம்ப நாள் தள்ளிப் போடவும் முடியாது."

டெய்லரம்மாவுக்குப் புரிந்துவிட்டது. கட்டை விரல் நகம் அளவுக்கு ஒரு ஓட்டை. அது மூடினால் புருஷன் தனக்கு. மூடாவிட்டால் என்ன என்பதை அவள் நினைக்கவில்லை. ஈரத் துணி என்று சொன்னதால் டாக்டர் மேல் கொஞ்சம் மரியாதை வந்தது. ஆனாலும் அந்த ரெட்டைத் தையலை அவள் முழுசாக நம்பவில்லை.

வழிவதைப் பிடிக்க ஒரு பை. பைக்குப் பின்னால் வயிற்றில் ஒட்டுகிற ஒரு மெல்லிய தட்டு. ஓட்டையின் மேல் கண்ணாடித் தாளை வைத்து, வரைந்து, அதே அளவைத் தட்டில் வெட்டி ஒட்ட வேண்டும். இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு நர்ஸ் வந்தாள். "ஓட்டை எவ்வளவோ அவ்வளவு. கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்" என்று சொல்லிக் கத்தரியை நீட்டினாள். டெய்லரம்மா அந்தக் கத்தரியை ஓரமாக நகர்த்திவிட்டுத் தன் பையிலிருந்து சொந்தக் கத்தரியை எடுத்தாள். நர்ஸ் முகம் மலர்ந்து போனது. "அட, நீங்க டெய்லரா? அப்ப உங்களுக்கு நான் என்ன சொல்லித் தர்றது" என்று அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். அங்கேதான் வினை.

வீட்டுக்கு வந்ததும் மாஸ்டர் அந்த ஓட்டைக்கு பைபாஸ் என்று பேர் வைத்தார். நலம் விசாரிக்க வந்தவர்களிடம், "மெயின் ரோட்டுல வேலை நடக்குது. அதான் வண்டியெல்லாம் பைபாஸ்ல திருப்பி விட்டிருக்காங்க" என்பார். டெய்லரம்மா அதைக் காஜா என்றாள். பொத்தான் இல்லாத காஜா. முன்னறையில் தையல் மெஷின், பின்னறையில் மாஸ்டர், நடுவில் கதவுக்குப் பதில் ஒரு திரை. திரைக்கு இந்தப் பக்கம் அளவு கொடுக்க வந்த பிள்ளைகள் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போது, அந்தப் பக்கமிருந்து, "ஏய், பை போயிடுச்சு" என்று மாஸ்டரின் குரல் நிதானமாக வரும். டெய்லரம்மா இஞ்ச் டேப்பைக் கழுத்தில் போட்டபடி ஓடுவாள்.

பை நிற்கவே இல்லை. காலையில் ஒட்டினால் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் தட்டின் ஓரம் நனைந்து, பொத்தென்று விழுந்தது. அவள் பசையை மாற்றினாள். துடைக்கிற துணியை மாற்றினாள். பையைச் செய்தவனைத் திட்டினாள். கடைசியில், "கசியுதுன்னா தையலுக்கு இன்னும் கொஞ்சம் விடணும்போல" என்று கை முடிவு செய்தது. அவளைக் கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாஸ்டரின் அக்கா தன் வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தாள். டெய்லரம்மாவுக்கு நாத்தனார். நல்ல மனுஷி, ஆனால் வீட்டில் துரும்பு கிடந்தால் தூக்கம் வராது. புதிதாக வாங்கிய சோபா, பாலேட்டு நிறம். அதில் தம்பியைத்தான் முதலில் உட்கார வைக்க வேண்டும் என்று பிடிவாதமாக உட்கார வைத்தாள். மாஸ்டருக்கு அன்றைக்கு நல்ல உற்சாகம். தன்னிடம் கற்றுக்கொண்ட ஒரு கணக்கு வாத்தியார் ரிவர்ஸ் எடுக்கும்போது கண்ணாடியைப் பார்க்கச் சொன்னால் அதில் தலை வாரிக்கொண்ட கதையைச் சொன்னார். நாத்தனார் சிரித்தாள், டெய்லரம்மா சிரித்தாள், மாஸ்டரே வயிறு குலுங்கச் சிரித்தார். வயிறு குலுங்கியதும் பை கழன்றது.

மூன்று பேருக்கும் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. பாலேட்டு நிறத்தில் பழுப்பு பரவியது. நாத்தனார் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பரவால்ல தம்பி. எனக்கு இந்தக் கலரே புடிக்கல" என்றாள். பிறகு உள்ளே போய் வாசனைத் தெளிப்பானை எடுத்துவந்து, சோபா, சுவர், தம்பி, தம்பி பெண்டாட்டி என்று பாரபட்சம் பார்க்காமல் அடித்தாள். திரும்பி வரும் வழியெல்லாம் காருக்குள் மல்லிகைத் தோட்டமே உட்கார்ந்திருந்தது. டெய்லரம்மா சிரிப்பை அடக்க முடியாமல் சிரித்தாள். மாஸ்டர் சிரிக்கவில்லை.

அதன் பிறகு அவர் வெளியே போவதை நிறுத்திவிட்டார். அது போகட்டும் என்றால், சாப்பிடுவதையும் குறைத்துக்கொண்டார். உள்ளே போனால்தானே வெளியே வரும் என்று ஒரு கணக்கு. ஓட்டையைச் சுற்றித் தோல் செக்கச்செவேலென்று வெந்து கிடந்தது. குளிக்கும்போது தண்ணீர் பட்டால் பல்லைக் கடித்துக்கொண்டு, "கொஞ்சம் எரியற மாதிரி இருக்கு" என்பார். சட்டைகள் தோளிலிருந்து தொங்கின. நாத்தனார், "கொஞ்சம் புடிச்சுக் குடேன், பாக்க நல்லாவா இருக்கு?" என்று கேட்டாள். டெய்லரம்மாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "அவரு சட்டையில நான் கத்தரி வெக்க மாட்டேன் அண்ணி. அது அப்படியே இருக்கட்டும்" என்றாள். அன்று குழாயைத் திறந்துவிட்டுக் குளியலறையில் அழுதாள்.

டாக்டர் எடை பார்த்தார், தோலைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். "சாப்பிடாம எப்படி ஆறும்? தோல் இவ்வளவு கெட்டா பையும் ஒட்டாது. அடுத்த தடவை வர்றப்பவும் இப்படியே இருந்தா திரும்பத் திறக்கறதப் பத்தித்தான் பேசணும். இந்த உடம்ப வெச்சுக்கிட்டு எனக்கு அது புடிக்கல."

"பை மட்டமான சரக்கு டாக்டர்" என்றாள் டெய்லரம்மா.

டாக்டர் மறுபேச்சுப் பேசாமல் நர்ஸை வீட்டுக்கு அனுப்பி வைத்தார்.

நர்ஸ் வந்தாள். தோலைப் பார்த்து நாக்கைக் கடித்தாள். கழுவி, தூள் போட்டு, பழைய பையையே தற்காலிகமாக ஒட்டி வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "புதுசு ஒட்ட வேண்டாம். முதல்ல நீங்க வெட்டறதப் பாக்கறேன்."

டெய்லரம்மாவுக்குச் சுருக்கென்றது. அவள் வெட்டுவதை உட்கார்ந்து பார்க்கிறேன் என்று சொன்னவர்கள் இதுவரை கிடையாது. இருந்தாலும் கண்ணாடித் தாளில் வரைந்திருந்த அளவைத் தட்டில் வைத்துக் கோடு போட்டாள். கச்சிதமான கோடு. நர்ஸ் தலையை ஆட்டினாள். டெய்லரம்மா கத்தரியை நடுவில் குத்தி இறக்கி, வளைத்து வெட்டத் தொடங்கினாள்.

"நிறுத்துங்க" என்றாள் நர்ஸ். "கோடு எங்க இருக்கு?"

"இதோ."

"நீங்க எங்க வெட்டறீங்க?"

டெய்லரம்மா குனிந்து பார்த்தாள். கத்தரி கோட்டுக்கு உள்பக்கமாக, அரைக்கால் அங்குலம் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விரல்கள் இன்னொரு கடி கடித்தன, அதே அரைக்கால் அங்குலம் தள்ளி.

"சட்டைக் கழுத்து வெட்டறப்ப கோட்டுக்கு உள்ளதானே வெட்டணும்?" என்றாள். "தையலுக்கு விடணுமில்ல."



"எதோடம்மா தைக்கப் போறீங்க?" என்றாள் நர்ஸ், மெதுவாக.

டெய்லரம்மா கத்தரியைக் கீழே வைத்தாள். நர்ஸ் விரலை வைத்துக் காட்டினாள். வயிற்றில் இருக்கும் ஓட்டை பெரிது, தட்டில் வெட்டிய ஓட்டை சின்னது. வெளியே வருகிற நீர் பைக்குள் போகாமல் தட்டில் முட்டிக்கொண்டு, அடியில் புகுந்து, தோலை அரித்து, தட்டையும் தூக்கிவிடுகிறது. எவ்வளவு சின்னதாக வெட்டுகிறோமோ அவ்வளவு சீக்கிரம் தூக்கும். "தப்பு என்னோடதும்தான்" என்றாள் நர்ஸ். "டெய்லர்னு சொன்னதும் பாக்காமயே போயிட்டேன்."

கட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. வலியில் முனகுகிறார் என்று நினைத்து இருவரும் திரும்பினார்கள். மாஸ்டர் தலையணையை வாயில் அமுக்கிக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது.

"சிஸ்டர்," என்றார் மூச்சு வாங்கிக்கொண்டே, "எனக்கும் தையலுக்கு விட்டிருக்கா. பின்னால பிரிச்சு விடறதுக்கு. நான் வளருவேனாம்."

நர்ஸ் சிரிக்கக் கூடாது என்று ஜன்னலைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தபடியே சிரித்தாள். மாஸ்டர் இன்னும் பலமாகச் சிரிக்க, பொத்தென்று பை விழுந்தது. அது விழுந்த சத்தத்துக்கு அவர் மறுபடி சிரித்தார். ஒத்தாசைக்கு வந்து தங்கியிருந்த நாத்தனார் சமையலறையிலிருந்து தெளிப்பானோடு பாய்ந்து வந்து, என்ன ஏது என்று கேட்காமல் அடித்ததில், வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருந்த நர்ஸின் வாய்க்குள் பாதி போய்விட்டது. நர்ஸ் இருமினாள். நாத்தனார் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இன்னொரு தடவை அடித்தாள்.

டெய்லரம்மாவும் சிரித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். வந்த தண்ணீர் நிற்கவில்லை.

"நானாங்க?" என்றாள். "இத்தனை நாளும் நீங்க வெந்தது என்னாலயா?"

மாஸ்டர் துண்டால் வயிற்றைப் பொத்திக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். "பிரேக்குன்னு நெனச்சு ஆக்ஸிலேட்டர மிதிச்சவங்க எத்தனை பேரு என் பக்கத்துல உக்காந்திருக்காங்க. வண்டி பறக்கப் பறக்க இன்னும் ஓங்கி மிதிப்பாங்க, நிக்கலையேன்னு. ஒருத்தரயாவது நான் கீழ இறக்கி விட்டிருக்கேனா?" என்றார். "மூக்கத் தொடச்சுட்டு வெட்டு. கோட்டு மேலயே வெட்டு."

அவள் வெட்டினாள். கோட்டின் மேலேயே கத்தரியை ஓட்டுவது அவளுக்குப் பாதாளத்தின் விளிம்பில் நடப்பதுபோல இருந்தது. கை இரண்டு முறை உள்ளே திரும்பப் பார்த்தது. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வெட்டி முடித்தாள்.

பை மதியம் விழவில்லை. சாயங்காலம் விழவில்லை. மறுநாள் காலையில் மாஸ்டர் கண் விழித்ததும் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சாப்பாடு என்ன இருக்கு?" என்றார். மூன்று பேருக்கு எடுத்து வைத்திருந்ததை அவர் ஒருவரே சாப்பிட்டார். நாத்தனார் பரிமாறிவிட்டு, தெளிப்பானைக் கையில் பிடித்தபடி எதிரிலேயே காத்திருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

"ஒரு டெஸ்ட் வெச்சிடலாம்" என்றார் மாஸ்டர்.

காரை எடுத்துக்கொண்டு, அவர் பாடம் எடுக்கிற காலி மைதானத்துக்குப் போனார்கள். போகும் வழியில் இருந்த வேகத்தடைகளில் ஒன்றைக்கூட அவர் மெதுவாக ஏறவில்லை. கார் ஒவ்வொரு முறை தூக்கிப் போடும்போதும் டெய்லரம்மா அவர் வயிற்றைப் பிடித்துக்கொள்வாள். "நின்னுச்சா?" என்பார். "நின்னுச்சுங்க" என்பாள். மைதானத்தில் ரிவர்ஸிலேயே வட்டமடித்தார். இருவருக்கும் தலை சுற்றியது, சிரிப்பு நிற்கவில்லை. இத்தனை வருஷம் கேட்டும் ஸ்டியரிங்கைத் தொட மாட்டேன் என்றவள், அந்தக் கிறுக்கில், "நான் ஓட்டறேன்" என்றாள். அவர் இடம் மாறி உட்கார்ந்தார். மைதானத்தில் ஓரமாக ஒரே ஒரு கம்பம். அதைக் கண்டதும் நாலு கார் போகிற அளவுக்கு ஒதுக்கி ஓட்டினாள்.

"இங்கயும் தையலுக்கு விட்டிருக்கியா?" என்றார்.

தோல் முதலில் ஆறியது. மாஸ்டர் சாப்பிட்டார், கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். டெய்லரம்மா ஒவ்வொரு முறையும் புதிதாக அளவெடுத்தாள். கோட்டுப் பொத்தான் அளவு இருந்தது சட்டைப் பொத்தான் ஆனது. சட்டைப் பொத்தான் குழந்தைச் சட்டைக் கழுத்துப் பொத்தான் ஆனது. முன்பெல்லாம் பை நிறைவதைப் பார்த்துப் பயந்தவள், இப்போது அது நிறையாததைப் பார்த்துப் பயந்தாள். சொன்னால் கலைந்துவிடுமோ என்று வாயைத் திறக்கவில்லை. அவரும் சொல்லவில்லை. பைபாஸில் வண்டியே வரவில்லையே என்று மட்டும் ஒரு நாள் போகிற போக்கில் கேட்டார்.

அன்று காலை பையை எடுத்தாள். உலர்ந்திருந்தது. துடைத்தாள், துணியில் ஒன்றும் ஒட்டவில்லை. கண்ணாடித் தாளை வைத்துப் பென்சிலை எடுத்தாள். வரைய எதுவும் இல்லை. சுருங்கிய தோலில் ஒரு சின்னக் குழி, அவ்வளவுதான்.

"என்ன அளவு?" என்றார் மாஸ்டர், கூரையைப் பார்த்தபடி.

அவள் கத்தரியை எடுத்து உறைக்குள் போட்டு, அவர் பார்க்கும்படி வைத்தாள்.

டாக்டர் அழுத்திப் பார்த்தார், படம் எடுத்துப் பார்த்தார். மூடிவிட்டது என்றார். அடுத்த வாரமே மருந்து ஏற்ற ஆரம்பிக்கலாம். மருந்து கடுமையானது, உடம்பு இளைக்கும், வாய் கசக்கும், தயாராக இருங்கள் என்றார். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுக் கிளம்பும்போது டெய்லரம்மா வாசலில் நின்றாள்.

"டாக்டர், அன்னிக்கு ரெட்டைத் தையலான்னு கேட்டேனே."

"ஆமா."

"நம்பல. இப்ப நம்பறேன். நல்ல கையும் தப்பும்னு தெரிஞ்சுடுச்சு."

டாக்டர் நன்றிம்மா என்றார்.

மருந்து ஏற்றப் போவதற்கு முந்தின நாள் அவள் மாஸ்டரை முன்னறையில் நிற்க வைத்து அளவெடுத்தாள். கையைத் தூக்கச் சொன்னாள், தூக்கினார். மூச்சை இழுக்காதீங்க என்றாள், விட்டார். இஞ்ச் டேப் அவர் மார்பைச் சுற்றி வந்து, எப்போதும் சேரும் எண்ணுக்கு முன்னாலேயே சேர்ந்துவிட்டது. அவள் அதைச் சீட்டில் குறித்துக்கொண்டாள். நீல நிறத் துணியை மேஜையில் விரித்துக் கோடு போட்டாள். மாஸ்டர் பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்தார். கோட்டுக்கு வெளியே நாலு விரல் தள்ளிக் கத்தரியை வைத்தாள்.

"இவ்வளவா?" என்றார். "வளர்ற பையனுக்குக்கூட இவ்வளவு விட மாட்டியே."

"பேசாம நில்லுங்க."

"மருந்து ஏத்தினா இன்னும் இளைப்பேன்னு டாக்டர் சொன்னாரு."

"இளைங்க. யாரு வேண்டாம்னா? திரும்ப உடம்பு வெப்பீங்க இல்ல, அப்ப நான் இதே கலர்ல துணிக்கு எங்க போவேன்?"

மாஸ்டர் அந்தக் கோட்டையும் கத்தரியையும் பார்த்தார். பிறகு துணியின் ஓரத்தைப் பிடித்து, அவள் வெட்ட வசதியாக இன்னும் கொஞ்சம் வெளியே இழுத்துவிட்டார்.

"அஞ்சு விரலா விடு" என்றார்.